துரை வெளியே வந்திருக்காரு

அந்த மீன் காற்றில் நீந்திய கோடையைப் பற்றி எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஃபேன் இல்லாமல் கிடந்து வெந்ததைத்தான் முதலில் சொல்வார்கள், அப்புறம் கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடி வைத்ததைச் சொல்வார்கள், விடாமல் கேட்டால்தான், ஆமாம், ஒரு மீனும் இருந்தது, நீலக் கலர், மூணாவது மாடி சௌந்தரத்தோடது என்று இழுப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பெரம்பூர் கத்திரி வெயிலில் ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். நான் கீழ் வீட்டுக்காரி. மோட்டார் சுவிட்ச் என் வாசலில்தான் இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறதா ஏறுகிறதா என்று இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் நாலு வார்த்தை கொட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள், அதனால் இதை முழுசாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

முதல் மாடியில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். வந்த பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா கொடுத்தனுப்புகிற காலமெல்லாம் போய்விட்டதாம், ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர், டம்ளருக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு ஃபைட்டர் மீன், மூடியில் ரிப்பன் வேறு. உயிரைப் போய் ரிட்டர்ன் கிஃப்ட் கொடுப்பார்களா? எந்த வீட்டு அம்மாக்காரி வேண்டாமென்றாளோ, ஒரு டம்ளர் மட்டும் படிக்கட்டிலேயே கிடந்தது, எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனோம், கடைசியில் முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்த சௌந்தரம்தான் குனிந்து எடுத்தாள்.

சௌந்தரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் போட்டவர்கள் அத்தனை பேர் காதிலும் அவள் குரல் விழுந்திருக்கும், ஒரு ஊரையே இன்னொரு ஊரோடு பேச வைத்தவள், ஆனால் புருஷன் போனதற்கப்புறம் அவளுக்கென்று போன் போட ஒருத்தரும் இல்லை, பிள்ளை குட்டியும் கிடையாது, மணி அடித்தாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாகத்தான் இருக்கும், அந்தப் பெண்ணிடமே சாப்பிட்டியாம்மா என்று கேட்டு நாலு நிமிஷம் பிடித்து வைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார்கள். பாவம்தான். எங்களில் யார் போய் அவளிடம் உட்கார்ந்தோம் என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் வேலை இருந்தது.

மீனைத் தூக்கிக்கொண்டு கொளத்தூர் மீன் கடைக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினாள். இதற்கு ஜோடி மட்டும் வாங்கி விட்டுவிடாதீங்க, இன்னொரு ஃபைட்டரைக் கண்டால் கடித்துக் குதறிவிடும், கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தால்கூடச் சண்டைக்குப் போகும், தனியாக இருந்தால்தான் உயிரோடு இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். "அப்ப நம்ம வீட்டுக்கு ஏத்ததுதான்" என்றாளாம் இவள். துரை என்று பேர் வைத்தாள். துரை சாப்பிட்டாரா, துரைக்குத் தூக்கம் வந்துடுச்சா என்று மூணாவது மாடியிலிருந்து குரல் கேட்கும்போது, முதலில் யாரோ சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம்.

இந்த இடத்தில் கஸ்தூரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சௌந்தரத்துக்கு எதிர்க் கதவு. ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு மாதிரிதான், இங்கே வத்தக்குழம்பு கொதித்தால் அங்கே அப்பளம் பொரியும், அவ்வளவு ஒட்டுதல். ஒரு நாள் கஸ்தூரி வீட்டில் உப்பு தீர்ந்துபோய், அடுப்பில் சாம்பார் கொதிக்கிற அவசரத்தில் அக்கா உப்பு என்று ஓடிவர, சௌந்தரமும் அவசரத்தில் ஒரு பிடி கல்லுப்பை அள்ளி அவள் கையிலேயே வைத்துவிட்டாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பிளாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கிண்ணத்தில் போட்டுத் தரையில் வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்ததே சண்டை. கஸ்தூரி வாங்கிப்போட்ட செருப்பு ஸ்டாண்டு சௌந்தரம் கோலம் போடுகிற இடத்தில் அரை முழம் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம், அன்றைக்குக் கிழித்த கிழியில் நாலு மாடியும் வெளியே வந்து நின்றது. கஸ்தூரி ஸ்டாண்டைத் தூக்கி வீட்டுக்குள் போட்டாள், கதவைச் சாத்தினாள், அதோடு பேச்சு நின்றது. சௌந்தரத்தின் புருஷன் செத்தபோது கஸ்தூரி தன் வாசலிலேயே நின்று அழுதாள், தாண்டி வரவில்லை. அவள் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது சௌந்தரம் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளும் தாண்டவில்லை. எதிரெதிரே இரண்டு கதவு, உள்ளே ஆளுக்கொருத்தி.

துரைக்கு உடம்புக்கு வந்தது வெயில் ஏறின சமயத்தில். வால் ஓரமெல்லாம் ஊதுபத்தியால் சுட்ட மாதிரி கறுத்துப்போய்ப் பொரிந்து உதிர்ந்தது, நீலம் வெளுத்தது, தீனி போட்டால் திரும்பிப் பார்க்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சௌந்தரம் மறுபடியும் கொளத்தூர் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். மீனைத் தனியாக ஒரு டப்பில் எடுத்து விடணும், பிடித்து வைத்துத் தெளிந்த தண்ணீராக இருக்கணும், அதில் கொஞ்சம் கல்லுப்பு, சருகான பாதாம் இலை ஒன்று, தண்ணீர் டிக்காஷன் கலருக்கு வரணும், அவ்வளவுதான் வைத்தியம், புண் ஆறிவிடும். அன்றைக்கே செய்திருப்பாள். ஆனால் அன்றைக்கு மத்தியானம்தான் துரை வெளியே வந்தது.

ஃபைட்டருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகிற வழக்கம் உண்டு. அப்படித்தான் மெல்ல மேலே வந்தது, தண்ணீர் முடிகிற இடத்தில் வாயைத் திறந்து காற்றைக் குடித்தது, குடித்த பிறகு கீழே போக மனசில்லாமல் அப்படியே மேலேயே போயிற்று, தொட்டியைத் தாண்டி, டிவியைத் தாண்டி, மாலை போட்டிருந்த புருஷன் படத்தைத் தாண்டி, கிழிந்த வாலை ஆட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றிவிட்டு, வாசல் கதவுக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாகப் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. சௌந்தரம் பின்னாலேயே வந்து, "துரை வெளியே வந்திருக்காரு, ஃபேனை நிறுத்துங்க" என்று கத்தினாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் குரலை முழுசாகக் கேட்டோம். யாரும் எப்படி என்ன என்று கேட்கவில்லை, ஃபேன் றெக்கையில் பட்டால் மீன் என்ன ஆகும் என்பது யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஒவ்வொரு வீடாகச் சுவிட்சைத் தட்டினோம், பிளாக் முழுக்க அப்படியொரு அமைதி, அந்த அமைதியில் துரை மாடி மாடியாக இறங்கி என் வாசலுக்கு வந்து மோட்டார் சுவிட்சை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி மேலே ஏறியது. முதல் மாடிப் பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கெதற்கு என்பதுபோல் படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் வரும், விளக்கு வைப்பதற்குள் தொட்டிக்குத் திரும்பிவிடும். சங்கத்துச் செயலாளர் தணிகாசலம் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். மீன் பறக்கலாமா கூடாதா என்று ஒரு பேச்சும் இல்லை, வெயில் நேரத்தில் ஃபேனை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் பேச்சு. கரண்ட் பில் குறையும் என்று ஒருத்தர், கைக்குழந்தை இருக்கிற வீடு என்ன செய்யும் என்று ஒருத்தர், கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் மீன் உள்ளே வராதே என்று ஒருத்தர், சாத்தினால் வேர்த்தே சாவோம் என்று இன்னொருத்தர். கடைசியில், மீன் வெளியே வந்தால் சௌந்தரம் தட்டைத் தட்டுவது, உள்ளே போனதும் எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்வது என்று முடிவாயிற்று.

அங்கேதான் வந்தது வினை. போன் போடுகிற வேலை! மத்தியானம் ஆனால் சௌந்தரம் வீட்டு மணி ஓயாது. சௌந்தரம்மா, துரை உள்ள போயிட்டாரா, குழந்தைக்கு வேர்க்குது. சௌந்தரம்மா, எங்க வீட்டு ட்யூப் லைட் மேல உக்காந்திருக்காரு, என்ன பண்றது. அவளும், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, பாத்துட்டுச் சொல்றேன் என்று பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில் சொல்வாள், சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன். ஃபேன் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் பெண்கள் மூணாவது மாடிப் படியில் வந்து உட்கார்ந்தார்கள், மோர் வந்தது, நுங்கு வந்தது, பழைய கதையெல்லாம் வந்தது. சௌந்தரம் நைட்டியை விட்டுவிட்டுப் புடவை கட்ட ஆரம்பித்தாள்.

கண்ணாடி விஷயம் அதற்கப்புறம் வந்தது. துரை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேராகக் கண்ணாடிக்குத்தான் போனது. எதிரில் இன்னொரு ஃபைட்டர் நிற்பதாக நினைத்துக்கொண்டு செவுளை விரித்து, இருக்கிற கிழிந்த துடுப்பையெல்லாம் விரித்து மோதியது, மோதி மோதி இன்னும் கிழிந்தது. கண்ணாடிகளை மூடச் சொல்லி எல்லா வீட்டுக்கும் நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க என்றார் தணிகாசலம். சௌந்தரம் ஒவ்வொரு வீடாகப் போட்டாள். ஒரு நம்பரை மட்டும் விட்டுவிட்டாள். அது அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்.

லுங்கி, துப்பட்டா, பழைய பெட்ஷீட் என்று கிடைத்ததைப் போட்டுக் கண்ணாடிகளை மூடினோம். அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் கூத்தை. பொட்டு நேராக இருக்கிறதா என்று எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டோம், வகிடு எடுக்க ஒருத்தி தலையை இன்னொருத்தி மடியில் வைத்தோம், பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இரண்டு பேர் வராண்டாவில் ஒருத்தனுக்கு ஒருத்தன் மீசை வெட்டிவிட்டார்கள். ஒரு நாள் நான் சௌந்தரத்தின் பொட்டைச் சரி பண்ணிவிட்டேன். என் விரல் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளை யாராவது தொட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தெருவோரப் பாதாம் மரத்தடியில் சருகு பொறுக்கிப் பொறுக்கிப் பிள்ளைகள் அவள் வாசலில் குவித்தார்கள். எல்லாரும் மீன் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், வைத்தியம் நடக்குது, நடக்குது என்பாள். ஒரு நாள் மோர்ச் சொம்போடு உள்ளே போன நான் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பளிங்காட்டம் இருந்தது. டிக்காஷன் கலரும் இல்லை, ஒரு இலையும் இல்லை. பால்கனியில் சருகு மூட்டையாகக் கிடந்தது, பக்கத்தில் கல்லுப்புப் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. சௌந்தரம் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"அது பிழைச்சிட்டா உள்ளயே இருந்துடும்" என்றாள் மெதுவாக. "அப்புறம் எனக்கு யாரு போன் போடுவா?"

நான் சொம்பை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரமே துரை ரொம்ப மோசமாகிவிட்டது. எல்லா வீட்டிலும் கண்ணாடியை மூடியிருந்தும் ஒவ்வொரு நாளும் புதுசு புதுசாகக் கிழிந்துகொண்டு வந்தது. அது எங்கே போகிறது என்று பார்த்தால், எதிர்க் கதவுக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாகக் கஸ்தூரி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தட்டுச் சத்தம் கேட்ட முதல் நாளிலிருந்தே கஸ்தூரி யாரும் சொல்லாமல் ஃபேனை நிறுத்தியிருக்கிறாள். கண்ணாடியைத்தான் மூடவில்லை, அவளுக்கு யார் சொன்னது? பீரோ கண்ணாடி முன்னால் துரை மத்தியானம் முழுக்க மோதிக்கொண்டிருக்கும், அவள் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம், ஆள் வராத வீட்டுக்கு ஒரு மீனாவது வருகிறதே என்று. அவள் வேண்டுமென்றே செய்கிறாள், என் மீனைக் கொல்லப் பார்க்கிறாள் என்று சௌந்தரம் படியில் நின்று எங்களிடம் பொருமினாள். தப்பு யார் பேரில் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்க நினைத்தோம், கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் துரை திரும்பவில்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியது, படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எதிர்க் கதவு திறந்தது. கஸ்தூரி இரண்டு கையிலும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, செருப்பு ஸ்டாண்டு இருந்த இடத்தைத் தாண்டி வந்து, சௌந்தரத்தின் வாசலில் குனிந்து, உப்பை வைக்கிற மாதிரியே கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கிண்ணத்துத் தண்ணீர் டிக்காஷன் கலரில் இருந்தது, அடியில் ஒரு பாதாம் இலை, இலைமேல் துரை ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கஸ்தூரி திரும்பிப் போனாள். கதவைச் சாத்துவதற்குமுன் உள்ளே தெரிந்தது, பீரோ கண்ணாடி மேல் அவள் கல்யாணப் புடவை தொங்கியது.

சௌந்தரம் கிண்ணத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கு எதிரில், முந்தானையால்கூட மூடிக்கொள்ளாமல். அப்புறம் எழுந்து உள்ளே போய் உப்புப் பாக்கெட்டைப் பிரித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அதற்கப்புறம் அவள் பார்த்த வைத்தியம் பெற்றவள்கூடப் பார்க்கமாட்டாள். வாளியில் தண்ணீர் பிடித்துத் தெளிய வைத்து, பாதித் தண்ணீரை எடுத்துப் பாதியை விட்டு, உப்பைத் தனியாகக் கரைத்து மெல்ல ஊற்றி, சருகைக் கழுவி ஊறப்போட்டு, டப்பின் மேல் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி, பக்கத்திலேயே பாயை விரித்துக் கிடந்தாள். கறுத்த ஓரம் உதிர்ந்து கண்ணாடித் தாள் மாதிரி புது வால் துளிர்த்தது. நீலம் திரும்பியது. துரை மேலே வந்தது, ஒரு வாய் காற்றைக் குடித்தது, சமர்த்தாகக் கீழே போயிற்று.

அன்றைக்கு மத்தியானம் சௌந்தரம் எல்லா வீட்டுக்கும் போன் போட்டாள். எனக்கும் வந்தது. "துரை இனிமே வெளியே வரமாட்டாரு. ஃபேன் போட்டுக்கலாம்" என்றாள். சந்தோஷம் சௌந்தரம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தாள், நானும் இருந்தேன், அப்புறம் என் அடுப்பில் பால் பொங்கியது, வைத்துவிட்டேன்.

பிளாக் முழுக்க ஃபேன் சுற்றியது. லுங்கியும் துப்பட்டாவும் கண்ணாடியிலிருந்து இறங்கித் துவைக்கப் போயின, அவரவர் பொட்டை அவரவர் வைத்துக்கொண்டோம், அண்ணனும் தம்பியும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூணாவது மாடிப் படியில் யாரும் உட்காரவில்லை. சௌந்தரம் தினமும் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாளாம், வேலை செய்கிறதா என்று. தொட்டி முன்னால் ஒரு கைக்கண்ணாடியைக் கொஞ்ச நேரம் காட்டுவாள், துரை துடுப்பை விரித்துச் சண்டைக்கு நிற்கும், அதுவும் வேண்டும் அதற்கு, ஒரேயடியாகச் சும்மா கிடந்தால் இளைத்துப் போகுமாம், கடைக்காரர் சொன்னாராம். காட்டிவிட்டுக் கண்ணாடியை எடுத்துவிடுவாள். எடுத்த பிறகும் அது அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்குமாம்.

ஒரு நாள் காலையில், மோட்டார் போட்டும் தண்ணீர் ஏறவில்லையே என்று பார்க்க நான் மூணாவது மாடிக்குப் போயிருந்தேன். சௌந்தரம் வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எதிர்க் கதவைத் தட்டினாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். கஸ்தூரி திறந்தாள்.

"கொஞ்சம் உப்பு வேணும்" என்றாள் சௌந்தரம்.

கஸ்தூரி ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள், ஒரு கிண்ணத்தில் கல்லுப்போடு வந்தாள், தரையில் வைக்கக் குனிந்தாள்.

"கையில குடு" என்று சௌந்தரம் கையை நீட்டினாள்.

கஸ்தூரி குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "கையில குடுத்தா சண்டை வரும்க்கா."

"வரட்டும். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மீன்கிட்டயே பேசிட்டு இருக்கறது?"

கஸ்தூரியின் வாய் கோணியது. ஒரு பிடி உப்பை அள்ளி, சிந்தாமல், சௌந்தரத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். வெறுமனே வைத்துவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் எவ்வளவோ வருஷமாக வீட்டுக்குள் கிடந்த செருப்பு ஸ்டாண்டு, துருவேறிப்போய், வாசலில் வந்து நிற்கிறது, சௌந்தரத்தின் கோலத்தின் மேலேயே, அரை முழம் நீட்டிக்கொண்டு. ஆரம்பித்தது பாருங்கள். கண்ணு தெரியலையா உனக்கு என்று ஒரு குரல், வாசல் என்ன உங்க அப்பன் வீட்டு வாசலா என்று இன்னொரு குரல், அங்கிருந்து செருப்பை விட்டுவிட்டு எங்கெங்கேயோ போயிற்று, சாவுக்கு வராதது, கல்யாணத்துக்குக் கூப்பிடாதது, போன் போடாதது, கண்ணாடி, சாம்பார், எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாலு மாடியும் வாசலில் வந்து நின்று கேட்டது. தணிகாசலம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இரண்டு படி ஏறினவர், ஏனோ அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்கு எங்கள் பிளாக்கில் யாரும் சமாதானம் பண்ணப் போகவில்லை.